அஞ்சலில் அனுப்பத் தக்கனவும் தகாதனவும்

தெருமுனையில் நிற்கும் செந்நிறத் தபாற்பெட்டியை அறியாதார் இலர். அஃது எப்பொழுதும் வாய் திறந்தே நிற்கின்றது. இடுபவர் யாவர், இடப்படுவது யாது என்று அஃது எவரையும் வினவுவதில்லை. செல்வர் இடும் திருமண அழைப்பையும், வேலை வேண்டி ஏழை இளைஞன் இடும் விண்ணப்பத்தையும், மகனுக்குத் தாய் எழுதிய கடிதத்தையும் ஒரே வாயால் ஏற்று ஒரே வயிற்றில் வைத்துக் காக்கின்றது. இத்துணைத் தாராளமுடைய பெட்டிக்கும், அதன் பின்னின்று தொழில் புரியும் தபால் இலாகாவுக்கும், இன்னவற்றை ஏற்போம், இன்னவற்றை ஏலோம் என்ற விதிகள் பல உள. அவற்றைக் கண்ட அளவில், "ஈதென்ன வீண் கெடுபிடி!" என்று முகஞ் சுளிப்பவர் பலர். வீட்டினின்றும் வரும் ஊறுகாய்ப் பார்சலை நம்பி வாழும் விடுதி மாணவருள் அங்ஙனம் முகஞ் சுளியாதார் சிலரே ஆவர். அவ்விதிகள் எக்காரணம் பற்றி எழுந்தன, அவற்றினூடே ஓடும் நீதி யாது என்பதை ஒருவாறு விளக்கிக் காட்டுதலே இக்கட்டுரையில் எமது நோக்கமாகும்.

முதற்கண், அஞ்சலுக்கு அடிப்படையாய் அமைந்த கருத்தொன்றை உணர்தல் வேண்டும். 1840-ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு கடிதத்துக்குரிய கூலி, அது செல்லுந் தூரத்தையும் அதனுள் அடங்கிய தாள்களின் தொகையையும் பொறுத்திருந்தது. தாள் ஒன்றோ, இரண்டோ என்று அறியும் பொருட்டுத் தபாற் குமாஸ்தாக்கள் கடிதத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்ப்பது வழக்கமாயிருந்தது. ரோலண்டு ஹில் என்னும் அறிஞர் செய்த சீர்திருத்தத்தால், 1840-ஆம் ஆண்டில் அரை அவுன்சு எடை வரையுள்ள கடிதம் அந்நாட்டில் எவ்விடத்துக்கும் ஒரு பென்னிக்குச் செல்லலாயிற்று. இந்தியாவில் டல்ஹௌசிப் பிரபுவின் காலத்தில், 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி தொடங்கி, கால் தோலா எடையுள்ள கடிதம் தூரத்தைக் கருதாது அரை அணாவுக்குச் செல்லும் என்ற ஏற்பாடு வந்தது. இம்மாறுதலால் ஏழைகள் பெற்ற நன்மையைப் பலரும் எடுத்துரைப்பர். அதனினும் நுண்ணிய நன்மை ஒன்று உண்டு. கூலிக்கு எடையே அளவு என்று ஆன பின்னர், உள்ளே இருப்பதை எட்டிப் பார்க்கவேண்டிய அவசியம் தபாலாபீஸுக்கு இல்லாது போயிற்று. தராசு ஒன்றே போதும்; மெழுகுவத்தி வேண்டா.

இதனின்றும் ஓர் உடன்படிக்கை பிறந்தது. அதனை எவரும் காகிதத்தில் எழுதிக் கையொப்பமிடவில்லை. எனினும் ஒவ்வொரு கடிதத்தோடும் அது புதுப்பிக்கப்படுகின்றது. "நீ மூடித் தந்ததை யாம் திறவோம்" என்பது தபாலாபீஸ் நமக்குத் தரும் வாக்கு. "மூடியதனுள் பிறர்க்குத் தீங்கு வையேன்" என்பது நாம் தபாலாபீஸுக்குத் தரும் வாக்கு. இவ்விரண்டினுள் ஒன்று கெடின் மற்றொன்றும் நில்லாது. ஒவ்வொரு உறையினுள்ளும் தீங்கிருக்கக்கூடும் என்ற அச்சம் பிறந்துவிடின், ஒவ்வொரு உறையும் திறக்கப்படும். திறக்கப்படும் உறையில் எவன் தன் மனத்தை எழுதுவான்? ஆதலின், அனுப்பத் தகாதனவற்றின் பட்டியல் நம் உரிமையைக் குறைக்க எழுந்த வேலியன்று. நம் கடிதத்தின் அந்தரங்கத்தைக் காக்க எழுந்த வேலியேயாம். இக்கருத்தை மனத்திற் கொண்டு நோக்கின், சிதறிக் கிடப்பன போலத் தோன்றும் விதிகள் யாவும் ஒரு கயிற்றில் கோத்த மணிகளாய் விளங்கும்.

இந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழங்கிவந்தது 1898-ஆம் ஆண்டின் இந்தியத் தபாலாபீஸ் சட்டம். அதன் பத்தொன்பதாம் பிரிவு, வெடிக்குந் தன்மையன, ஆபத்து விளைப்பன, அழுக்குடையன, நச்சுத் தன்மையன, கேடு பயப்பன ஆகிய பொருள்களையும், தக்க காப்பின்றி வைத்த கூரிய கருவிகளையும், தீங்கு செய்யும் உயிர்களையும் அஞ்சலில் அனுப்பலாகாது என்று விதித்தது. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ தண்டனையாகும் என்றும் அச்சட்டம் கூறிற்று. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தபாலாபீஸ் சட்டம், பழைய சட்டத்தை நீக்கி அதனிடத்தில் நிற்கின்றது. சட்டம் மாறிற்றேனும் விலக்குகளின் காரணம் மாறவில்லை. பழைய சட்டம் அக்காரணத்தை வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. ஒன்று, வழியில் உடன் செல்லும் பிற தபாற்பொருள்களுக்கு ஊறு நேராமை. மற்றொன்று, தபால் ஊழியர்க்கு ஊறு நேராமை.

இவ்விரண்டையும் சற்றே விரித்துக் காண்போம். நாம் பெட்டியில் இட்ட உறை தனியே பயணஞ் செய்வதில்லை. பெட்டியைத் திறப்பவர் கையிலும், முத்திரை குத்துபவர் கையிலும், பிரிப்பு நிலையத்தில் நள்ளிரவில் ஊர்வாரியாகப் பிரிப்பவர் கையிலும், வெயிலில் வீடுதோறும் செல்லும் தபாற்காரர் கையிலும் அது மாறி மாறிச் செல்கின்றது. முற்காலத்தில் ஈட்டியும் சதங்கையும் தாங்கிக் காட்டு வழியே ஓடிய தபால் ஓட்டக்காரனின் தோளிலும் அது சென்றது. அவருள் எவரும் அதனுள் இருப்பது யாதென்று அறியார். அறியாமலே அதனைத் தொடுதலும் சுமத்தலும் அவர் தொழில். அறியாமையைத் தொழிலாகக் கொண்ட அவ்வூழியரை அறிந்தே ஆபத்தில் நிறுத்துதல் எத்துணைக் கொடுமை! உறையிட்ட கத்தி வேறு, உறையிடாத கத்தி வேறு என்று சட்டம் பகுத்துரைத்தது இவ்வூழியரின் விரல்களை எண்ணியே ஆகும்.

இனி, உடன் செல்லும் பொருள்களின் நிலையை நோக்குவோம். ஒரு தபாற் பையினுள் ஒரு தாய் தன் மகனுக்கு அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய்ச் சாடி இருக்கின்றது என்று கொள்வோம். அதன் மூடி தளர்ந்திருந்தது, பை மூன்று முறை ஏற்றி இறக்கப்பட்டது, எண்ணெய் கசிந்தது. அதனடியில் இருந்தது ஒரு விதவைக்கு வந்த உதவிச் சம்பள உத்தரவு. பக்கத்தில் இருந்தது ஓர் இளைஞனுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு. விலாசம் அழிந்த கடிதம் உரியவரைச் சேராது. அனுப்பினவர் முகவரி தெரியாதாயின் திரும்பியும் போகாது. மகனுக்கு ஊறுகாய் கெட்டது ஒரு வேளைச் சோற்றின் குறை. இளைஞனுக்குக் கடிதம் கெட்டதோ வாழ்நாளின் குறை. அவ்விளைஞன் யாரென்று அத்தாய்க்குத் தெரியாது. தாயின் அன்பில் குற்றமும் இல்லை. மூடியைக் கட்டும்பொழுது அவ்விளைஞனை எண்ணாமையே குற்றம்.

இதன் பொருட்டே நீர்ப்பொருள்களைப் பற்றிய விதி எழுந்தது. எண்ணெய், பாகு, தேன் முதலியவற்றை முற்றிலும் விலக்கினாரல்லர். கசியாவண்ணம் இறுக மூடிய கலத்தில் இட்டு, அக்கலத்தை வேறோர் உறுதியான பெட்டியினுள் வைத்து, இரண்டிற்கும் இடையே மரத்தூளோ, தவிடோ, பஞ்சோ நிரப்புக என்பது விதி. உள்ளே உள்ள கலம் உடைந்து நீர் முழுதும் ஒழுகினும், அதனை உறிஞ்சிக் கொள்ளும் அளவுக்கு அந்நிரப்பு இருத்தல் வேண்டும். சாயப் பொடிகளுக்கும் இவ்வாறே கசிவற்ற தகரப் பெட்டியும் அதற்குப் புறப்பெட்டியும் வேண்டும். ஒரு சிட்டிகை நீலச் சாயம் ஒரு பைக் கடிதங்களையும் பாழாக்கவல்லது என்பதைத் துணி வெளுத்தறிந்தோர் எளிதில் ஒப்புவர். மருத்துவச் சோதனைக்குரிய இரத்தம் முதலியவற்றை அனுப்புங்கால் இம்முறை மும்மடியாகின்றது. கசியாத உட்கலம், உறிஞ்சுபொருளோடு கூடிய கசியாத இடைக்கலம், நசுங்காத புறப்பெட்டி என மூன்று சுவர் எழுப்புகின்றனர். ஈண்டுக் கற்கவேண்டிய பாடம் யாதெனின், 'உடையாது' என்று நம்பிப் பொதிதல் கூடாது. 'உடைந்தால் என் செய்வது' என்று எண்ணிப் பொதிதல் வேண்டும் என்பதே.

வெடிக்கும் பொருள், எரியும் பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் இத்தகைய சலுகை இல்லை. எத்துணைச் சுவர் எழுப்பினும் அவை சுவரையே உண்டுவிடும் இயல்பின. தீபாவளிக் காலத்தில் சிவகாசிப் பட்டாசைத் தூரத்திலுள்ள தம்பிக்குப் பார்சலில் அனுப்ப எண்ணுவோரும், இனிப்புக்கு நடுவே இரண்டு மத்தாப்புப் பெட்டியை மறைத்து வைப்போரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக. பை விழுந்தால் உராய்வு உண்டாகும். உராய்வினால் வெப்பம் உண்டாகும். தீப்பற்றினால் அது பார்சலோடு நில்லாது. பையையும் வண்டியையும் பற்றும். ஆகாய விமானத்திலோ அபாயம் பன்மடங்கு மிகும். நடுவானில் இறங்கி ஓட இடமில்லை. 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதி துபாய் நகருக்கு அருகே ஒரு சரக்கு விமானம் தீப்பற்றி விழுந்து அதன் ஓட்டுநர் இருவரும் மாண்டனர். அதன் சரக்கில் லித்தியம் மின்கலங்கள் மிகுதியாக இருந்தன. நம் சட்டைப்பையில் சாதுவாய் உறங்கும் கைப்பேசியின் மின்கலமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆகவே, தனித்த லித்தியம் மின்கலங்களைச் சர்வதேச அஞ்சல் ஏலாது. கருவியினுள் பொருத்தியவற்றை மட்டும், அதுவும் எண்ணிக்கை வரையறையோடு, ஏற்க இசைந்த நாடுகளுக்கு இடையே ஏற்கின்றது.

சர்வதேச அஞ்சல் என்றமையின், அதனை ஆளும் சங்கத்தையும் குறிப்பிடுதல் தகும். 1874-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதுவே இந்நாளில் அகில உலக அஞ்சல் சங்கமாய் விளங்குகின்றது. இந்தியா 1876-ஆம் ஆண்டில் அதிற் சேர்ந்தது. கடிதப் போக்குவரவைப் பொறுத்தமட்டில் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒரே நிலப்பரப்பு என்பது இச்சங்கத்தின் கொள்கை. இக்கொள்கையால், சென்னையில் ஒட்டிய தலையை நம்பிப் பிரேசில் தேசத்துத் தபாற்காரர் நம் கடிதத்தைக் கொண்டு செல்கின்றார். அத்துணைத் தூரத்திலுள்ள அந்நியர்க்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம் என்பதனையும் உடன் உணர்தல் வேண்டும். அயல்நாட்டுப் பார்சலில் ஒட்டும் சுங்கச் சீட்டில், இதனுள் ஆபத்தான பொருளோ விலக்கப்பட்ட பொருளோ இல்லை என்று அனுப்புவோர் உறுதி கூறிக் கையொப்பமிடுகின்றனர். அக்கையொப்பத்தைச் சிறு சடங்காகக் கருதுவார் பலர். உண்மையில், முன்னர்க் கூறிய எழுதா உடன்படிக்கை எழுத்தில் வெளிப்படும் இடம் அதுவேயாம்.

உயிருள்ளவற்றை அஞ்சலில் அனுப்பலாமோ எனின், பொதுவிதி 'ஆகாது' என்பதே. ஆயினும் அச்சங்கத்தின் கடிதப் பகுதி விதிகளில் சில விலக்குகள் வியப்புத் தருவனவாய் உள்ளன. தேனீ, அட்டை, பட்டுப்புழு ஆகிய மூன்றையும் தக்க பெட்டியில் வைத்து அனுப்பலாம். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளை அழிக்கவல்ல பூச்சிகளையும், ஆராய்ச்சிக்குரிய ஒருவகைப் பழ ஈக்களையும் அரசாங்கத்தால் ஒப்புக்கொள்ளப்பட்ட நிலையங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளலாம். இவ்வரிசையைக் கண்டு நகைப்பவர், ஒவ்வொன்றும் மனிதர்க்குச் செய்யும் உதவியை நினைந்தால் நகையை நிறுத்துவர். அட்டை மருத்துவர்க்கும், பட்டுப்புழு நெசவாளர்க்கும், தேனீ தோட்டக்காரர்க்கும் உதவுவன. பகைப் பூச்சியின் பயனையோ நம் தமிழ்நாடே கண்டறிந்தது. 1926-ஆம் ஆண்டில் இலங்கையினின்றும் தென்னிந்தியாவிற்குக் கொணரப்பட்ட ஒரு சிறு பூச்சியினம், உழவரின் நிலத்தை அடைத்து நின்ற சப்பாத்திக்கள்ளியைச் சில ஆண்டுகளிற் பெரும்பாலும் அழித்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு நாட்குஞ்சுகளாகிய கோழிக்குஞ்சுகள் 1918-ஆம் ஆண்டு முதல் அஞ்சலிற் செல்கின்றன. முட்டையின் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றில் எஞ்சியிருந்து மூன்று நாள் வரை அதனை ஊட்டுகின்றமையால், பொரித்து 72 மணி நேரத்துள் அவை உரியவரைச் சேர்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. விதிகளை வகுப்போர் 'ஆகாது' என்று மட்டும் சொல்லி அமைவதில்லை. தீங்கின்றி ஆகும் வழி உண்டோ என்றும் ஆராய்கின்றனர் என்பதற்கு இவை சான்றாகும்.

விதியில் சொல்லாது விட்ட இடத்தில் மனிதர் புகுந்துவிடுவர் என்பதற்கும் வரலாற்றில் சான்றுகள் உள. இலண்டனில் 1909-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடிய மகளிர் இருவர், பிரதம மந்திரியை நேரிற் காண வழியின்றித் தம்மையே விரைவுத் தபாலாகப் பதிவு செய்துகொண்டனர். தந்திச் சிறுவன் ஒருவன் அவர்களை மந்திரியின் மாளிகை வாயிலுக்கு அழைத்துச் சென்றான். மனிதரைத் தூதன் துணையோடு அனுப்ப அக்காலத்து விரைவுத் தபால் விதி இடந்தந்தது. மாளிகையார்தாம் அக்'கடிதங்களை' ஏற்க மறுத்துவிட்டனர். அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதி பார்சல் தபால் தொடங்கியது. 1914-ஆம் ஆண்டில் ஐடஹோ மாகாணத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் சட்டையில் 53 சென்டுத் தலைகளை ஒட்டி, ரயிலின் தபால் வண்டியில் பாட்டியின் ஊருக்கு அனுப்பினர். ரயிற் கட்டணத்தினும் தபாற் கட்டணம் குறைவு. பிள்ளை சுகமே சேர்ந்ததெனினும், மனிதரைப் பார்சலாக ஏற்றல் ஆகாது என்ற தடை அந்நாட்டில் விதிக்கப்பெற்றது. 1916-ஆம் ஆண்டில் யூட்டா மாகாணத்து வெர்னல் என்னும் ஊரில் ஒரு பாங்கிக் கட்டடத்துக்கு வேண்டிய செங்கற்கள் சால்ட் லேக் நகரினின்றும் தபாலிலேயே வந்தன. ஒவ்வொரு பொதியும் 50 இராத்தல் வரம்புக்கு உட்பட்டே இருந்தது. பொதிகள் கூடின தொகையோ பல டன். விதியின் எழுத்து பிழைத்தது. மலையும் பாலையும் கடந்து அவற்றை இழுத்தவர்களின் முதுகு பிழைக்கவில்லை. அதன்பின் ஒருவர் மற்றொருவர்க்கு ஒரு நாளில் 200 இராத்தலுக்கு மேல் அனுப்பலாகாது என்ற வரையறை வந்தது. எடைக்கும் அளவுக்கும் வரம்பு ஏன் என்று கேட்போர்க்கு இச்செங்கற்களே விடை பகரும்.

விலையுயர்ந்த பொருள்களைப் பற்றிய விதி வேறொரு வகையது. பொன், நாணயம், கரன்சி நோட்டு முதலியவற்றைச் சாதாரணக் கடிதத்தில் வையற்க. இன்ஷியூர் செய்தே அனுப்புக என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவந்த விதி. அரக்கு முத்திரை இடுங்கால் நாணயத்தையோ, பொத்தானையோ பதித்தல் கூடாது. பிறர் எளிதிற் போலி செய்யக்கூடாத சொந்த அடையாளத்தையே பதித்தல் வேண்டும். இவ்விதி பணக்காரருக்கு மட்டும் உரியது என்று எண்ணற்க. சாதாரண உறையில் நூறு ரூபாய் வைத்தனுப்பிய ஒருவர் அது காணாமற் போயிற்றென்று புகார் செய்தால், அவ்வுறை கடந்து வந்த வழியிலுள்ள ஊழியர் அனைவர் மீதும் சந்தேகம் விழுகின்றது. ஒருவர் கவனக்குறைவினால் குற்றமற்ற பத்துப்பேர் தலைகுனிகின்றனர். பணம் அனுப்ப 1880-ஆம் ஆண்டு முதலே மணியார்டர் முறை இங்கு ஏற்பட்டது இத்தொல்லையை நீக்கும் பொருட்டுமாம். முறைப்படி அனுப்பின் அஞ்சல் எத்துணை நம்பிக்கைக்குரியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 'ஹோப்' என்னும் உலகப் புகழ் பெற்ற நீல வைரத்தை 1958-ஆம் ஆண்டில் ஹாரி வின்ஸ்டன் என்ற வணிகர் நியூயார்க்கினின்றும் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குப் பழுப்புக் காகிதத்திற் சுற்றிப் பதிவுத் தபாலிலேயே அனுப்பினார். அதற்குத் தபாற்செலவு 2 டாலர் 44 சென்டு. இன்ஷியூரன்ஸும் சேர்த்து மொத்தம் 145 டாலர் 29 சென்டு. வைரம் பழுதின்றிப் போய்ச் சேர்ந்தது.

மூடிய உறைக்குரிய மதிப்பை எதிர்முகமாகவும் காணலாம். நம் நாட்டில் நெடுங்காலம் புத்தகத் தபால் என்றொரு குறைந்த கட்டண வகை இருந்தது. அறிவு பரவுதற்கு உதவுவான் வேண்டி அச்சிட்ட நூல்களுக்கு அச்சலுகை தரப்பெற்றது. ஆனால் அப்பொதியின் முனைகள் திறந்திருத்தல் வேண்டும். உள்ளே சொந்தக் கடிதம் வைத்தலாகாது. மலிவு வேண்டுமாயின் திறந்து காட்டுக. மூடி வைக்கவேண்டுமாயின் முழுக்கூலி தருக என்பது அதன் கருத்து. புத்தகத்தின் நடுவே ஒரு சிறு கடிதத்தைச் செருகி அரசாங்கத்தை ஏய்த்ததாக மகிழ்ந்தவர் பலர். அவர் ஏய்த்தது அரசாங்கத்தையன்று. நூல்களை மலிவாய்ப் பெறும் ஏழை வாசகரையே. சலுகை தவறாகக் கொள்ளப்படுமாயின், சலுகையை நீக்குவோர்க்கு அதுவே சாக்காகும்.

இதுகாறும் நம் வாக்கைப் பற்றிக் கூறினோம். இனித் தபாலாபீஸ் நமக்குத் தந்த வாக்கையும் ஆராய்தல் முறை. 1844-ஆம் ஆண்டில் இத்தாலிய தேசபக்தர் மாஜினி இலண்டனில் அகதியாய் வாழ்ந்த காலத்து, தம் கடிதங்கள் வழியிற் பிரிக்கப்படுவதாக ஐயுற்றார். கசகசா விதையும் மணலும் மயிரிழையும் உறையினுள் இடச்செய்து, அவை வந்து சேரும்பொழுது இல்லாமை கண்டு ஐயத்தை மெய்யென நிறுவினார். உள்நாட்டு மந்திரியின் ஆணையாலேயே அவை பிரிக்கப்பட்டன என்பது வெளிப்பட்டபொழுது இங்கிலாந்து முழுதும் கொதித்தெழுந்தது. இந்நாட்டில் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தாறாம் பிரிவு, பொது நெருக்கடியிலும் பொதுமக்கள் பாதுகாப்பு, அமைதி ஆகியவற்றின் பொருட்டும் கடிதங்களை இடைமறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தது. அவ்வதிகாரத்தை விரிப்பதற்கு 1986-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி ஜெயில் சிங் இசைவு தராமலே வைத்திருந்தார். அது சட்டமாகாமலே ஒழிந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பிற நாடுகளோடு நட்பு, பொது ஒழுங்கு, நெருக்கடி, பொதுமக்கள் பாதுகாப்பு, சட்டமீறல் ஆகிய காரணங்களுக்காக இடைமறிக்க இடந்தருகின்றது. இவ்வதிகாரம் எவ்வளவிற்கு வேண்டும் என்பதில் அறிஞர் மாறுபடுவர். எம்மனோர் கருத்து இதுவே: அச்சம் மிகுந்தோறும் அதிகாரம் மிகும், தகாததை அனுப்புவோர் ஒவ்வொருவரும் அவ்வச்சத்துக்கு ஒரு கைப்பிடி இரை தருகின்றனர்.

அவ்வச்சம் உருவெடுத்து வந்த ஆண்டு 2001. அவ்வாண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அமெரிக்காவில் யாரோ ஒருவர் கையால் ஆந்திராக்ஸ் என்னும் கொடிய நோயின் வித்துக்கள் உறைகளில் இட்டு அனுப்பப்பட்டன. விலாசத்தில் இருந்த பெயர்கள் பத்திரிகைக்காரர், செனட்டர் முதலிய பெரியோருடையவை. ஐவர் மாண்டனர், பதினெழுவர் நோயுற்றனர். மாண்ட ஐவருள் இருவர், வாஷிங்டன் நகரில் கடிதம் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்த தபால் ஊழியர். அவ்வுறைகள் ஒட்டப்பட்டேயிருந்தன, பிரிப்பு இயந்திரத்தில் நசுங்கியபொழுது காகிதத்தின் நுண்துளை வழியே நஞ்சு வெளிவந்தது. அவ்வூழியர்க்கு எழுதப்பட்ட கடிதம் அன்று அது. அவர் பெயரும் அதில் இல்லை. தம் கடமையைச் செய்ததே அவர் செய்தது. விதிகளை வெறுங் கெடுபிடி என்று கூறுவோர் அவ்விருவரையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பாராக.

நம் கல்லூரியில் பயில்வோர் நல்ல சமாரியன் உவமையை இளமை முதற் கேட்டவர்கள். அயலான் யாவன் என்னும் வினா அதிற் பெருவினாவாய் நிற்கின்றது. தபாற்பெட்டியின் முன் நிற்கும்பொழுது நம் அயலான், விலாசத்தில் பெயரெழுதப்பட்டவன் மட்டும் அல்லன். இடையில் அதனைத் தொடுகின்ற, பெயர் தெரியாத ஒவ்வொரு மனிதனும் நம் அயலானே. அதே பையில் தன் நற்செய்தியையோ துயரச் செய்தியையோ வைத்துள்ள ஒவ்வொருவனும் நம் அயலானே. ஆதலின், மாணவ நண்பர்காள்! அடுத்த முறை ஒரு பார்சல் கட்ட நேருங்கால் மூன்று காரியங்களை மறவாதிருப்பீராக. உள்ளே இருப்பது உடைந்தாலும் பிறர்க்குக் கேடில்லாதபடி கட்டுவீராக. உள்ளதை உள்ளவாறே எழுதி, விலாசத்தையும் அனுப்புவோர் முகவரியையும் தெளிவாக வரைவீராக. ஐயம் உண்டாயின், மறைத்து அனுப்பாது தபால் ஊழியரையே கேட்பீராக. அன்னையர் கைப்பட்ட ஊறுகாய் நும் விடுதிக்குத் தடையின்றி வந்து சேர்வதாக! அதன் பக்கத்தில் பயணஞ் செய்த யாரோ ஓர் இளைஞனின் கடிதமும் எண்ணெய்க் கறையின்றி அவன் கையிற் போய்ச் சேர்வதாக!